ஐந்தாவது பெயர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சேலத்தில் கல் வேலைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே பட்டறை வைத்திருப்பவனுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? செத்தவர்களால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. இருக்கிறவர்கள்தான், சிலுவையை இன்னும் கொஞ்சம் உயர்த்து, பக்கத்துக் கல்லறையை விட எழுத்துப் பெரிதாக இருக்கட்டும் என்று உயிரை வாங்குவார்கள். "உங்க அப்பாவையே எழுப்பிக் கேட்டுட்டு வாங்க" என்று சிலரைத் துரத்தியும் இருக்கிறேன். உபகாரசாமி என்று எனக்குப் பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து பார்த்திருக்கலாம் என்பாள் என் மனைவி ஆரோக்கியம்.

சுபேதார் மருதாசலத்திடம் மட்டும் என் வாய் எடுபடவில்லை. பட்டாளத்தை விட்டு வந்து நாமக்கல்லில் குடியிருந்த மனிதர். அறுபத்து நாலாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு என் பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சீனாச் சண்டையில் அவருடைய பழைய பட்டாளத்திலிருந்து போய்த் திரும்பாத ஐந்து பேர் காரைக்குட்டையையும் அதன் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். அவர்கள் பெயரில் ஒரு கல் நட வேண்டும். பட்டாளமும் உதவுகிறது, ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து செய்கிறார்கள். ஆள் உயரக் கல், ஒரு பக்கம் மட்டும் இழைப்பு, அதில் ஐந்து பெயர். ஆசைக்காக ஒரு பூ, ஒரு கொடி என்று எதுவும் கேட்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இடம் பார்க்க அவரோடு பஸ் ஏறிப் போனேன். புதுச்சத்திரம் தாண்டி, நாமக்கல் ரோட்டை விட்டுக் காரைக்குட்டைக்குத் திரும்புகிற விலக்கு. அங்கே ஏற்கெனவே ஒரு கல் நின்றது. வெள்ளைக்காரன் நட்டது. பதினாலாம் வருஷத்து மகா யுத்தத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள் முப்பத்தொரு பேர், உயிர் விட்டவர்கள் நாலு பேர் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் வெட்டியிருந்தது. பெயர் ஒன்றுகூட இல்லை. எழுத்தெல்லாம் மஞ்சளும் எண்ணெயும் ஏறி அடைத்துக் கிடந்தது. ஊர்க்காரர்கள் அதற்குப் பட்டாளத்தான் என்று பெயர் வைத்து ஆடி மாதம் பொங்கல் வைக்கிறார்களாம். லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைக்கிறார்களாம். யார் யாரோ செத்ததற்கு யார் யாரோ கும்பிடுகிறார்கள், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் குழி எடுக்க அளவு பார்த்து வந்தேன்.

கல் வந்து, இழைத்து, நாலு பெயர் வெட்டியாகிவிட்டது. பட்டாளத்தில் சேர்ந்த வரிசைப்படி பெயர்கள். கடைசியாகச் சேர்ந்தவன் சரவணமுத்து, அவன் பெயர்தான் ஐந்தாவது. அதற்குச் சுண்ணாம்பால் எழுத்தின் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தேன். அன்று காலை ஒரு பெண் பட்டறை வாசலில் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். கைத்தறிச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் தாலி.

"ஏனுங்க மேஸ்திரி, காரக்குட்டக் கல்லு இதுதானுங்களா?" என்றாள்.

"இதுதான். என்ன வேணும்?"

கல்லின் அருகே வந்து பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். சுண்ணாம்புக் கோட்டுக்கு வந்ததும் விரலை எடுத்துக்கொண்டாள். "இது எங்கூட்டுக்காரரு பேருங்க. இத வெட்டாம உட்டுருங்க."

எனக்கு வழக்கம்போல எரிச்சல் வந்தது. பெரிதாக வெட்டச் சொல்லித்தான் வருவார்கள். வெட்டாதே என்று யாரும் வந்ததில்லை. சுபேதாரைப் போய்க் கேள் என்றேன். கேட்டுவிட்டுத்தான் வந்தாளாம். மேலிடத்து உத்தரவு, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொல்லிவிட்டாராம்.

அவள் பெயர் சாரதாமணி. காரைக்குட்டையில் நெசவாளர் வீடு. மாமனார் செங்கோடன் தறி நெய்கிறவர். சரவணமுத்து காணாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காணவில்லை, இறந்ததாகவே கருதப்படுகிறது என்று பட்டாளத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ஆனால் அவனோடு இருந்த திருச்செங்கோட்டுக்காரன் ஒருவன் லீவில் வந்தபோது வீடு தேடி வந்து சொல்லிப் போனானாம்: பின்வாங்கும்போது பனியில் பிரிந்துபோனோம், அவன் நடந்து போனதைத்தான் பார்த்தேன், விழுந்ததைப் பார்க்கவில்லை.

"சரிம்மா, உசுரோட இருந்தா வரட்டும். கல்லுல பேரு இருந்தா அவரு செத்தா போயிருவாரு?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மனிதன் கல் வேலை செய்கிறான், கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாதவனாக இருக்கிறானே என்ற பரிதாபம் இருந்தது. பிறகுதான் விளக்கிச் சொன்னாள். அவர்கள் ஊரில் ஒருவன் செத்தால் எரித்ததோடு ஆகிவிடாது. கருமாதி அன்று கல் நட்டு, அவன் பெயரைச் சொல்லிப் பால் ஊற்ற வேண்டும். கல் நட்டால்தான் செத்தவன். அன்றைக்கே ஏரிக்கரையில் பெண்சாதி தாலியைக் கழற்றிவிட வேண்டும். சரவணமுத்துவுக்கு உடம்பும் வரவில்லை, சேதியும் சரியாக வரவில்லை என்பதால் ஊர் இதுவரை கல் நடச் சொல்லவில்லை. இப்போது கவர்மெண்டே நடுகிறது. பெயரோடு நடுகிறது.

"ஊர்ல முடிவு பண்ணிட்டாங்க. கல்லு நடற அன்னிக்கே பால் ஊத்திரோணுமாமா" என்றாள். அழவில்லை. "நீங்கதான வெட்டறீங்க. நீங்க வெட்டலீன்னா யாரு வெட்டுவாங்க?"

என்னை விட்டால் சேலத்தில் உளி பிடிக்க ஆளே இல்லை என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பார்க்கலாம் போ என்றேன். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தச் சுண்ணாம்புக் கோட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆரோக்கியத்திடம் சொன்னேன். நமக்கு வருஷத்துக்கு ஒரு நாள் ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். கல் நட்டதால் ஒருவன் செத்தான் என்று கணக்கு வைப்பார்களா, இது என்ன கூத்து என்றேன். அவள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "உங்க தம்பி கப்பலுக்குப் போய் வராத வருஷம் உங்க அம்மா அவரு ஆத்துமாவுக்குப் பூசை வைக்க விட்டாங்களா? பூசை வச்சா செத்துட்டான்னு ஆயிரும்னு சாமியாரோடவே சண்டைக்கு நின்னாங்களே" என்றாள். 

மறுநாள் நாமக்கல் போனேன். சுபேதாரிடம், பழைய கல்லில் இருப்பது போல எண்ணிக்கை மட்டும் போட்டுவிடலாமே, ஐந்து பேர் என்று இருந்தால் போதாதா என்று கேட்டேன். நல்ல யோசனை சொல்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வெள்ளக்காரன் நம்மள எண்ணுனான், மேஸ்திரி. ஆடு மாடு எண்ணற மாதிரி முப்பத்தொண்ணுன்னு எண்ணிக் கல்லுல போட்டான். எங்க பெரியப்பா அதுல ஒரு எண்ணு. அந்தக் கல்லுல எந்த எடத்துல அவரு இருக்காருன்னு யாராச்சும் காட்ட முடியுமா? இப்ப நம்ம கவர்மெண்டு. பேரு போட்டுத்தான் ஆகோணும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அநியாயக்காரனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். அந்தப் பெண்ணுக்காகக் கண் கலங்குகிறார், பெயரை மட்டும் விட மாட்டேன் என்கிறார். "அந்தப் பையனை நானேதானய்யா பட்டாளத்துல சேத்துவிட்டேன். அவனுக்கு மட்டும் பேரு இல்லாம உட்டுட்டு நான் எப்படித் தூங்குவேன்?" என்றார்.

பட்டறைக்கு வந்து இரண்டு நாள் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் சுண்ணாம்புக் கோட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, சுபேதாருக்கு ஆள் அனுப்பினேன். ஐந்தாவது பெயர் வருகிற இடத்தில் கல்லுக்குள் ஒரு வெடிப்பு ஓடுகிறது, இப்போது உளி வைத்தால் கல் பிளந்துவிடும், நட்டு ஒரு மழை பார்த்துவிட்டு வெட்டித் தருகிறேன் என்று. மழைக்கும் வெடிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியாது. அவர் நேரில் வந்து பார்த்தார். கல் எண்ணெய் தடவிய மாதிரி சுத்தமாக இருந்தது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. பொறவு வெட்டிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரும் ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தாரோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

கல்லை லாரியில் ஏற்றி, நட்டு, மாசி மாதம் ஒரு நல்ல நாளில் அதிகாரி ஒருவர் வந்து துணியை விலக்கினார். நாலு பெயர். அந்த நாலு பேருக்கும் முன்பே கருமாதி முடிந்திருந்தது, என்றாலும் வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு சொம்புப் பால் கொண்டுவந்து ஊற்றினார்கள். சாரதாமணி கூட்டத்தின் ஓரத்தில் குங்குமத்தோடு நின்றாள். என்னைப் பார்த்துக் கை கூப்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெயரை வெட்டாமல் விட்டதற்காகச் சந்தோஷப்பட்டேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்தவனோடு சிரித்துக்கூடப் பேசினேன்.

அந்தச் சந்தோஷம் சித்திரை வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

ஒரு மத்தியானம் சாரதாமணி மறுபடி வந்தாள். கூடவே ஒரு பெரியவர். அவர்தான் மாமனார் செங்கோடன். வந்தவர் ஒரு மூலையில் கல் துண்டின் மேல் உட்கார்ந்து, தோள் துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். 

"பேர வெட்டிருங்க மேஸ்திரி" என்றாள் அவள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதாவது சேதி வந்ததா என்று கேட்டேன்.

"சேதியெல்லாம் ஒண்ணும் வர்லீங்க. ஊர்ல பேசறாங்க. அஞ்சு பேரு போனாங்க, நாலு பேரு கல்லுல இருக்காங்க, இவம் பேரு மட்டும் ஏன் இல்லீன்னு கேக்கறாங்க. சண்டையில ஓடிப்போயிட்டாராமா. துப்பாக்கியப் போட்டுட்டுக் கையத் தூக்கிட்டாராமா. அதனாலதான் பட்டாளமே பேர எடுத்துருச்சாமா."

"யார்டி சொன்னது?" என்று கத்தினேன். என் வீட்டுப் பெண்ணிடம் கத்துவது போல வாயில் வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"எல்லாருந்தானுங்க. மாமா டீக்கடைக்குப் போனா பேச்ச நிறுத்திக்கறாங்க. மாமா இப்பத் தறிக்குழியில எறங்கறதே இல்லீங்க. அந்தக் கல்லுகிட்டப் போய் நின்னுட்டு நின்னுட்டு வாராரு."

கல்லில் வெடிப்பு இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். சுபேதாரே ஊருக்கு வந்து சொல்லிவிட்டாராம். அவன் ஓடவில்லை, காணாமல்தான் போனான் என்று கோயில் முன்னால் கூட்டம் போட்டுச் சொன்னாராம். காணாமல் போனான் என்றால் ஓடிப்போனான் என்றுதானே அர்த்தம் என்று அதற்குப் பிறகு பேச்சு இன்னும் பெருகிவிட்டதாம். நல்லது செய்யக் கிளம்பிய நாங்கள் இரண்டு கிழவர்களும் சேர்ந்து அந்தக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியிருந்தோம்.

"அம்மா, பேசறவன் இன்னைக்குப் பேசுவான், நாளைக்கு வேற பேச்சு கெடைச்சா அங்க போயிருவான்" என்றேன். "பேர வெட்டினா அப்புறம் அழிக்க முடியாது. உன் கழுத்துல இருக்கறதும் போயிரும். அவரு திரும்பி வந்தா என்ன பண்ணுவ?"

அதற்குப் பதிலைப் பல நாள் யோசித்து வைத்திருந்தாள் என்பது அவள் பேசிய நிதானத்தில் தெரிந்தது. "அதுக்குத்தானுங்க வெட்டச் சொல்றேன். ஓடிப்போனவன்னு பேரு எடுத்த ஊருக்கு அவரு எப்படீங்க வருவாரு? வந்தாலும் தல நிமுந்து நடக்க முடியுங்களா? செத்துப்போனாருன்னு கல்லுல இருந்தா, வர்ற அன்னிக்கு நல்லவராத்தான வருவாரு. என் தாலிய அப்பப் பாத்துக்கலாமுங்க."

  மூலையில் செங்கோடன் தோள் குலுங்குவது தெரிந்தது. ஆரோக்கியம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்துவிட்டு, நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த நாளில் உளிப்பையைத் தூக்கிக்கொண்டு காரைக்குட்டை விலக்கில் இறங்கினேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். ஆரோக்கியம் அதைத்தான் சொன்னாள். ஆனால் நான் விட்ட இடத்தை இன்னொருவன் வந்து வெட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாவத்தையும் நானே செய்தால்தான் சரி என்று ஒரு வீம்பு.

ஊரே வந்திருந்தது. ஓடிப்போனவன் என்று பேசிய வாய்களும் அங்கேதான் இருந்திருக்கும். இப்போது எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். புளிய மரத்தடியில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே மூடி வைத்த பால் சொம்பும், மடித்த வெள்ளைச் சேலையும் இருந்தன. பெயர் முடிந்ததும் பால், பால் முடிந்ததும் ஏரிக்கரை. சுபேதார் தன் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

பெண்சாதி பெயர் வெட்டுவதைப் பார்க்கக் கூடாது என்று ஒரு கிழவி சொன்னாள். சாரதாமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வந்து, வெயில் என் மேல் படாதபடி ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல். இனி எப்போதும் வைக்க முடியாததையெல்லாம் அன்று ஒரு சேர வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கோடு போட்டு முதல் எழுத்தைத் தொடங்கினேன். கல் எனக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. வெடிப்பு ஏதாவது இருந்து அந்த நிமிஷமே பிளந்து விழுந்தால் நன்றாக இருக்குமே என்று மாதாவை வேண்டினேன். பிளக்கவில்லை. அவ்வளவு நல்ல கல்லை நான்தான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தேன். எழுத்து எழுத்தாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் தூசியை ஊதுவேன், அவள் குடையை ஒரு விரற்கடை நகர்த்துவாள். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒருவன் நிறுத்தி, பழைய கல்லுக்குத் தேங்காய் உடைக்க இறங்கியவன், கூட்டத்தைப் பார்த்துவிட்டு உடைக்காமலே ஏறிப் போனான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கடைசி எழுத்தின் அடி வளைவு முடிந்துவிட்டது. அதற்கு மேல் அந்தப் பெயரில் வெட்ட ஒன்றும் இல்லை. எனக்கு அது தெரிந்தது. பின்னால் புளிய மரத்தடியில் பெண்கள் எழுந்திருக்கிற சலசலப்பும் கேட்டது. உளியை எடுத்தால் முடிந்துவிடும் என்று நினைத்ததும் என் கை எடுக்க மறுத்துவிட்டது. உளி முனையை வெட்டிய பள்ளத்திலேயே வைத்து, கல்லில் பதியாதபடி மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். சத்தம் மட்டும் வந்தது. சத்தம் வருகிற வரைக்கும் அவள் தாலி கட்டியவள். அதற்கு மேல் என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது எதுவும் இல்லை. சுபேதார் குனிந்து பார்த்தார். தூசியே விழவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். நிமிர்ந்துகொண்டார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணில் நீர் நிறைந்து எழுத்துகூடத் தெரியவில்லை.

குடை கொஞ்சம் சாய்ந்தது. வெயில் என் கழுத்தில் விழுந்தது. அவள் என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"போதுமுங்க சாமி. நிறுத்திக்கங்க."

நிறுத்தினேன்.